மறையூர் சர்க்கரைன்னு யார் வேணா ஒட்டிக்கலாமா சார்?

அந்தந்த ஊர்ச் சரக்குக்கு மட்டும் குடுக்கற புவிசார் குறியீடு, அதான் ஜி.ஐ. முத்திரை, அதைப் பாத்துக்க வேண்டிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

கேரளாவுல இடுக்கி மாவட்டத்து மறையூர்ப் பக்கம் நாங்க காய்ச்சற வெல்லம்தான் மறையூர் சர்க்கரை. அதுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சதும், அதுக்கப்புறம் போலி எந்த வழியா வந்து எந்தக் கடையில நிக்குதுங்கறதும் உங்களுக்கே தெரியும். போன வாரம் நடந்ததை மட்டும் சொல்றேன்.

எர்ணாகுளத்துல இருந்து ஒரு குடும்பம் எங்க ஆலைக்கு வந்தாங்க. அப்பதான் கொப்பரைய இறக்கி பாகைத் தொட்டியில ஊத்தி ஆறவெச்சு, உள்ளங்கை சுடச்சுட உருண்டை பிடிச்சிட்டு இருந்தோம். அந்தம்மா ஒரு உருண்டைய எடுத்துப் பாத்துட்டு, இவ்ளோ கருப்பா இருக்கே, இது ஒரிஜினல் இல்லையேன்னு சொல்லி பையில இருந்து ஒரு பாக்கெட்ட எடுத்துக் காட்டுறாங்க. உள்ள மஞ்சமஞ்சேர்னு வெல்லம். மேல மறையூர் சர்க்கரைன்னு பேரு, பக்கத்துல ஜி.ஐ. லோகோ, ஆனா எந்த ஆலை, யார் காய்ச்சினது, ஒண்ணுமே கிடையாது. ஹைட்ரோஸ்னு ஒரு வெளுப்பு ரசாயனம் போட்டா இப்படி வெளுக்கும்மா, நாங்க அதைத் தொடறதே இல்லன்னு சொன்னேன். லோகோ இருக்கேன்னு கேட்டாங்க. அதுக்கு மேல என்ன பேசறது? காலம்பூரா கொப்பரை பக்கத்துல வெந்த எங்கப்பா முன்னாடியே எங்க சரக்கு போலியாயிடுச்சு. அவங்க மேல கோவம் இல்ல சார், முத்திரைய நம்பித்தான வாங்குனாங்க.

நாங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணு, கடைகள்ல இறங்கி சோதனை பண்ணுங்க.

சட்டம் இருக்கு. 1999 ஜி.ஐ. சட்டப்படி பொய்யா அந்தப் பேரைப் போட்டாலும் அந்தச் சரக்கை வித்தாலும் ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் ஜெயில், 50,000 ரூபாயில இருந்து 2 லட்சம் வரை அபராதம். டி.எஸ்.பி. அந்தஸ்துல இருக்கறவர் வாரண்ட் இல்லாமலே சரக்கைப் பிடிக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி ஜி.ஐ. பதிவாளரோட கருத்து வாங்கணும், அந்த ஆபீஸ் இருக்கறது சென்னையில. ஸ்டேஷன்ல கேட்டா எங்க வேலை இல்லங்கறாங்க, உங்க ஆபீஸ்ல மனு குடுத்தா மேல அனுப்பிட்டோம்னு சொல்றாங்க, கரும்பு வெட்டி வெச்சா அன்னைக்கே ஆட்டணும், அதை விட்டுட்டு ஒரு விவசாயி சென்னைக்கு எப்படி ஓடுவான்? அந்தக் கருத்தை வாங்கறது உங்க வேலை இல்லையா?

இப்பவே மறையூர், காந்தளூர் எல்லாம் சேர்ந்த எங்க அஞ்சுநாட்டுல கரும்பு போடறவங்க கொறஞ்சிட்டே வர்றாங்க. ராத்திரி யானை எறங்குது, வெட்டுக்கூலி ஏறுது, பக்கத்துத் தோட்டம் ரிசார்ட் ஆகுது, எங்க பிள்ளைங்க ஆலைப்பக்கமே வரமாட்டேங்குது. குறியீடு குடுத்தப்ப மாலை போட்டு போட்டோ எடுத்தாங்க, மலிவு சரக்கு வந்து எங்க விலைய உடைக்கறப்ப ஒருத்தரையும் காணோம்.

கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். ஓணத்துக்கு முன்னாடி மூணாறுல இருந்து சின்னார் செக்போஸ்ட் வரைக்கும் கடைகள்ல சோதனை பண்ணுங்க, ஆலைப் பேர் இல்லாத பாக்கெட்டைப் பிடிங்க. எந்நேரம் கூப்பிட்டாலும் நாங்களும் கூட வந்து எங்க உருண்டை எதுன்னு காட்டித் தர்றோம். தயவு செஞ்சு வாங்க சார்.

இப்படிக்கு,
காந்தளூர்ல ஆலை வெச்சிருக்கற ஒரு கரும்பு விவசாயி