நாடா என்னிடம்தான் இருக்கிறது

கண்ணு,

மூன்று வாரமாக "வேலைம்மா, அப்புறம் பேசுகிறேன்" என்பதைத் தவிர உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. கோபத்தில் எழுதவில்லை. வெள்ளம் வடிந்த பிறகுதான் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கிளம்பும், அப்போதுதான் நிவாரண முகாமில் உங்களுக்கு வேலையே ஆரம்பம் என்று நீ சொல்லியிருக்கிறாய். சரி, தூங்குகிறாயா? அதை மட்டும் சொல்.

அப்பா இன்னும் செய்தி பார்ப்பதில்லை. 2015 அக்டோபரில் ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பின் ஆஸ்பத்திரிமேல் குண்டு விழுந்து 42 பேர் செத்தார்களே, அதோடு நிறுத்தியவர்தான். ஆனால் யார் வந்தாலும் உன் பேச்சை எடுப்பதும் அவர்தான். 1971-இல் வங்காள எல்லையில் அகதி முகாமில் காலரா பரவி சலைன் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹலநபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரை டிரம்மில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் வீட்டாரையே ஊற்றிக் கொடுக்கச் சொன்ன கதையை நீதான் சொன்னாய், இப்போது இவர் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் சொல்கிறார்.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்ததே வேறு. அத்தனை பேருக்கும் தானே ஊற்ற அவர் நினைக்கவில்லை. நீ நினைக்கிறாய். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர் போய்ச் சேர்கிறதா, தட்டம்மை ஊசி எத்தனை பிள்ளைகளுக்குப் போட்டாயிற்று, மருந்து வண்டி எங்கே நிற்கிறது, எல்லாம் பகலில் நீ பார்க்க வேண்டியதுதான், பொறுப்பு உன்னுடையது. ராத்திரி வார்டிலும் நீயே ஏன் நிற்க வேண்டும்? உனக்குக் கீழே இருப்பவர்களும் படித்தவர்கள்தானே. அவர்களை நம்பி விட்டுவிட்டுப் போய்ப் படு. பெரிய மாமாவும் இப்படித்தான் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டார், அது எங்கே போய் முடிந்தது என்று உனக்குத் தெரியும்.

போன தடவை நீ விட்டுப்போன நாடா, பிள்ளைகள் சத்துக் குறைந்து மெலிந்திருக்கிறார்களா என்று கையை அளந்து பார்ப்பாயே, அது அலமாரியில் கிடந்தது. மிக மோசமாக மெலிந்த பிள்ளை என்று காட்டும் சிவப்பு முடியும் 115 மில்லிமீட்டர் வரை சுருட்டி, என் மூன்று விரலைச் சேர்த்து உள்ளே விட்டேன், இடம் நிறைந்துவிட்டது. ஒரு பிள்ளையின் மேல்கை அவ்வளவுதானா! வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இதைத் தினமும் அளக்கிற உன்னைப் பெற்றவள் நான் என்று பெருமையாக இருந்தது, கூடவே உன்மேல் ஆத்திரமாகவும் வந்தது, இத்தனையையும் பார்த்துவிட்டு எங்களிடம் "நல்லா இருக்கேன்" என்கிறாயே என்று.

அன்றைக்கு "இரண்டைத் தாண்டிடுச்சும்மா" என்று மெசேஜ் போட்டாய். எனக்கு விளங்கவில்லை. தம்பிதான் அப்புறம் சொன்னான், ஐந்து வயதுக்குட்பட்ட 10,000 பிள்ளைகளில் ஒரு நாளைக்கு இரண்டு பேர் செத்தால் அது அவசரநிலை என்று. அந்த ராத்திரி ஒன்றரை மணிக்கு நீ கூப்பிட்டாய். காலையில் "தூங்கிட்டேன் கண்ணு" என்று பதில் போட்டேன்.

தூங்கவில்லை. போன் கையில்தான் இருந்தது. உன் பெயர் எரிந்து அணையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ அழுதால் என்ன சொல்வது என்று தெரியவில்லை, பயந்துவிட்டேன். முதல் வருஷம் நீ அழுதபோது "நீயாகத் தேடிக்கொண்டதுதானே" என்று சொன்ன வாய் இது. வேறு வார்த்தை அன்றைக்கும் வரவில்லை.

நீ எதுவும் சொல்ல வேண்டாம், சும்மா அழுதாலும் போதும். போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன், சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன். எந்நேரமானாலும் கூப்பிடு.

அம்மா