கடைப் பலகையில் உள்ள லோகோவை இணையதளத்துக்காக ஏன் மீண்டும் வரைகிறோம்?

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இணையதளம் அமைக்க எங்களிடம் வருபவர்களில் பலர், கடைப் பலகையையோ பில் புத்தகத்தையோ கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதையே தளத்தில் போட்டுவிடுங்கள்" என்கிறார்கள். அதை மீண்டும் வரைய வேண்டும் என்று நாங்கள் சொல்வதும், அதற்குத் தனிக் கட்டணம் கேட்பதும் சிலருக்கு மனவருத்தம் தந்திருப்பதை அறிவோம். காரணத்தை விளக்கிச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

பத்தடிப் பலகைக்காக வரைந்த லோகோ, தளத்தில் மிகச் சிறிய இடங்களில் நிற்க வேண்டியிருக்கிறது. கைபேசியில் பக்கத்தின் தலைப்பகுதியில் அதற்குக் கிடைக்கும் உயரம் விரல் நகத்தைத் தாண்டாது. பிரவுசர் தாவலில் தெரியும் குறும்படத்துக்குச் சாதாரணத் திரையில் 16 பிக்சல் அகலமும் 16 பிக்சல் உயரமும்தான். மொத்தம் 256 கட்டங்கள்.

ஒரு செக்கு எண்ணெய்க் கடைக்கு நாங்கள் செய்த வேலையைச் சொன்னால் இது விளங்கும். அவர்களுடைய பழைய பலகையில் இரண்டு மாடுகள், செக்கு, எள் பூ, தேங்காய், அவற்றின் கீழே கடையின் பெயர் என எல்லாம் இருந்தன. முதலில் அதை அப்படியே சுருக்கிப் பார்த்தோம். தாவலில் ஒரு பழுப்புக் கறைதான் தெரிந்தது. "எண்ணெய்" என்ற சொல்லை மட்டும் எடுத்துப் பார்த்தோம். அதில் மூன்று சுழி "ண" இரண்டு முறை வருகிறது. சுழிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் கோடும் இடைவெளியும் மாறி மாறி வர வேண்டும்; அதற்கு ஓர் எழுத்துக்கே ஏழெட்டுக் கட்டங்களாவது தேவை. அந்த இடம் இல்லாதபோது மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒன்றாகிவிடுகின்றன, மெய்யெழுத்தின் புள்ளியும் மறைந்துவிடுகிறது. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதால் சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதினார்கள். படித்தவர்கள் இடம் பார்த்துப் பொருள் கொண்டார்கள். ஆனால் முதன்முறை உங்கள் தளத்துக்கு வரும் ஒருவர் கடையின் பெயரை அப்படி ஊகித்துப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே செக்கின் உரலையும் அதில் சாய்ந்து நிற்கும் உலக்கையையும் மட்டும் தடித்த கோட்டில் வரைந்தோம். "மாடு இல்லாமல் செக்கு எப்படிங்க?" என்று கடைக்காரர் கேட்டார். அவருடைய தந்தை வைத்த பலகை அது. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. மாடுகளைப் பலகைக்கும் எண்ணெய் டின்னுக்கும் உரிய பெரிய வடிவத்தில் வைத்துக்கொண்டு, உரலும் உலக்கையும் எல்லா அளவுகளிலும் ஒரே சாய்வில் வருமாறு அமைத்தோம். நல்ல லோகோ என்பது ஒற்றைப் படம் அன்று, ஒரே சாயலுள்ள இரண்டு மூன்று வடிவங்கள் என்பதே எங்கள் கருத்து.

வாட்ஸ்அப்பில் வரும் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. பெரிதாக்கினால் ஓரங்கள் சிதையும். அது ஜேபெக் கோப்பு என்பதால் பின்னணியை நீக்கியும் வைக்க இயலாது. நிறமுள்ள பக்கத்தில் இட்டால் சுற்றி வெள்ளைப் பெட்டி தெரியும். நாங்கள் தரும் எஸ்விஜி என்ற வகைக் கோப்பில் கோடுகள் கணிதச் சூத்திரங்களாகப் பதிவாகின்றன, ஆகவே எந்த அளவிலும் கூர்மை குறையாது. கைபேசியை இருண்ட திரையில் வைத்திருப்பவர்களுக்குக் கறுப்பு எழுத்து மறைந்துபோகும் என்பதால் வெளிர் நிறப் படி ஒன்றும் சேர்த்துத் தருகிறோம். நிறத்தைப் பொறுத்தவரை, திரையில் ஒளியால் வரும் பளிச்சென்ற பச்சை அச்சு மையில் மங்கிவிடும். எனவே இரண்டிலும் ஒத்து வரும் நிறத்தையே பரிந்துரைக்கிறோம்.

உரிமை பற்றியும் சொல்லியாக வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் படத்தை எடுத்து லோகோ செய்யச் சொன்னால் மறுத்துவிடுகிறோம். அதே படத்தை வேறொரு கடையும் வைத்திருக்கக்கூடும், பிறகு வணிகக் குறியாகப் பதிவு செய்யும்போது சிக்கல் வரும். நாங்கள் வரைந்ததன் உரிமையை உங்களுக்கு எழுத்து மூலமாகவே மாற்றித் தருகிறோம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றப் பத்திரத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கு மட்டுமே என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே என்றும் கொள்ளப்படும். அதனால் இரண்டையும் தெளிவாக எழுதுகிறோம். வேறு யாரிடம் லோகோ செய்தாலும் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரில் வரும்போது பலகையின் படத்தோடு, பில் புத்தகம் அச்சிட்ட அச்சகத்தில் கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் செய்த பழைய கோப்பு இருக்கிறதா என்றும் விசாரித்து வாருங்கள். அது கிடைத்தால் வரையும் வேலை பாதியாகக் குறையும். கட்டணத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
வடிவமைப்பகத்தார்,
மதுரை