லிஃப்ட் போட்ட ஜிம்னியின் ஸ்டியரிங் உதறல் குறித்துப் புகார்

பணிமனை மேலாளருக்கு,

வணக்கம். மார்ச் 14ஆம் தேதி உங்களிடம் என் சுசுகி ஜிம்னிக்கு, வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டேன். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், கூலி எல்லாம் சேர்த்து 3,200 சிங்கப்பூர் வெள்ளி. மாதம் ஒருமுறை மலேசியாவில் கோத்தா திங்கிப் பக்கம் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் ஓட்டுவேன், மற்ற நாளெல்லாம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு விரைவுச்சாலையில் போகும் வண்டி என்று முதல் நாளே சொன்னேன். வேறு எதையும் மாற்றத் தேவையில்லை என்றார் உங்கள் ஆள்.

எடுத்த அன்றே, வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. வளைவில் திருப்பிவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் தானாக நடுவுக்கு வருவதில்லை. அப்புறம் மூன்றாவது வாரம், புக்கிட் தீமா விரைவுச்சாலையில் 80இல் போகும்போது பாலத்து இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கியதுதான் தாமதம், முன்பக்கம் முழுவதும் உதறத் தொடங்கிவிட்டது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தும் ஸ்டியரிங் அடங்கவில்லை, பின்னால் என் மகள் "அப்பா, அப்பா" என்று கத்துகிறாள், பக்கத்துத் தடத்தில் லாரி. வேகம் 40க்குக் கீழே இறங்கிய பிறகுதான் நின்றது.

திரும்பக் கொண்டுவந்தபோது பெரிய ஸ்டியரிங் டேம்பர் போட்டால் சரியாகிவிடும், 480 வெள்ளி என்றீர்கள். டேம்பர் ஆட்டத்தை அமுக்கி வைக்குமே தவிர, அதன் காரணத்தைத் தீர்க்காது. டயரை வேறு கடையில் பேலன்ஸ் செய்து பார்த்தேன், முன்சக்கரம் திரும்பும் அச்சில் உள்ள கிங்பின் பேரிங்கையும் பார்த்தார்கள், அவற்றில் குறை இல்லை. சக்கரக் கோணங்களை அளந்த அலைன்மென்ட் தாளில் கேஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், 0.4 டிகிரி என்று சிவப்பில் நிற்கிறது. அது குறைந்தால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது. முன் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம் அதே நீளத்தில் இருக்க, வண்டியை மட்டும் தூக்கினால் ஆக்ஸில் சுழன்று கேஸ்டர் குறையத்தான் செய்யும். ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடும் அதே நீளம்தான், அதனால் ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்துவிட்டது. டேப் வைத்து அளந்தேன், ஒரு பக்க டயர் மற்றதைவிட 12 மில்லிமீட்டர் அதிகமாக வெளியே நிற்கிறது. லிஃப்ட் போடுவதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. ஸ்டியரிங்கைச் சரிசெய்வதும் அந்த வேலையில் ஒரு பாதி, அதை விட்டுவிட்டு முழுக் காசு வாங்கியிருக்கிறீர்கள்.

எனக்கு வேண்டியது: கேஸ்டர் சரிசெய்யும் புஷ், நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராட், ஸ்டியரிங்கை நடுவுக்குக் கொண்டுவர, அதைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் கம்பியைச் சரிசெய்தல், கூடவே வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அலைன்மென்ட் தாள். கூடுதல் கட்டணம் கொடுக்க மாட்டேன். சக்கரம் முழுவதும் கீழே தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் தயவுசெய்து பாருங்கள், அதைப் பற்றி இதுவரை யாருமே பேசவில்லை. இதெல்லாம் முடியாது என்றால் பழைய ஸ்பிரிங்கையே மாட்டிக் கொடுத்துப் பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

வேலை முடிந்து இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை. 14 நாளில் பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுத்துவிட்டு, சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கும் போவேன். ரசீது, அலைன்மென்ட் தாள், டயரை அளந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

வண்டி இப்போது வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறது. பிள்ளைகளைப் பேருந்தில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜிம்னி உரிமையாளர், யீஷூன், சிங்கப்பூர்