கதவு உள்ள ஓர் அறை வேண்டும்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். போன வியாழக்கிழமை அம்மாவை கீமோ ஊசிக்காக அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். எந்த ஊர் என்று எழுதவில்லை. எழுதினால் யாரோ ஒரு கடைநிலை ஊழியருக்கு மெமோ கொடுப்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

வராந்தாவில் எங்களுக்கு முன்னால் ஒரு பெண், கையில் பயாப்ஸி ரிப்போர்ட்டோடு நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அதை வாங்கிப் பார்த்த ஊழியர், வரிசை முழுக்கக் கேட்கும்படி, "கேன்சர் கேஸெல்லாம் அந்தப் பக்கம் போம்மா, இங்க நிக்காதே" என்றார். அந்தப் பெண் நகரவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் ஆங்கிலம். பிறகு என் அம்மாவிடம் வந்து, "அக்கா, அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

அம்மா பதில் சொல்லவில்லை. கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தார். ஏழு மாதத்துக்கு முன்னால் அம்மாவுக்கும் அதே வராந்தாவில்தான், ஏறக்குறைய அதே வார்த்தையில்தான், தெரிந்தது.

இதில் எங்கள் தப்பும் உண்டு. "சொல்லாதீங்க, தாங்க மாட்டா" என்று பெரியப்பா சொன்னதைக் கேட்டு, வெறும் கட்டி என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தோம். எப்படிச் சொல்வது என்று எங்களுக்கும் சொல்லித்தர ஆளில்லை. அன்று பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உனக்கு எப்ப தெரியும்?" பத்து நாளாக என்றேன். ஊர் வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று ராத்திரி தன் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார். கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டம்ளர், அடியில் பெயர் வெட்டியது. அடுப்படி அலமாரியின் கடைசி மூலையில் அதற்கு ஓர் இடம். தட்டும் அப்படியே. இரண்டு வயதுப் பேரன் மடியில் ஏற வந்தால், "பாட்டிக்கு முடியலடா, அம்மாகிட்ட போ" என்று விலக்கினார். உடம்பு அசதி என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒட்டிக்கொள்ளும் நோய் என்று பயந்து பிள்ளையைத் தொடாமல் இருந்திருக்கிறார் என்பது புரிய ஐந்து வாரம் ஆனது. கடைசியில் டிரிப் ஏற்ற வந்த நர்ஸ்தான், ஊசி குத்திக்கொண்டே, "இதெல்லாம் ஒட்டாதும்மா, பேரனைத் தாராளமாத் தூக்குங்க" என்றார். அரை நிமிஷம் ஆகியிருக்காது. அந்த அரை நிமிஷத்துக்கு என் அம்மா ஐந்து வாரம் காத்திருந்தார் ஐயா. பேரன் மடிக்குத் திரும்பிவிட்டான். டம்ளர் இன்னும் மூலையில்தான் இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புற்றுநோய் சிகிச்சை தரும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் கதவு உள்ள ஓர் அறை. அதில் இந்த நோயைப் பற்றிப் பேசப் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர்.

இது நடக்காத காரியம் என்று உங்கள் அலுவலகத்தில் யாரும் சொல்ல முடியாது. ஏனென்றால் அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் நம்பிக்கை மையம் இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் போகிறவரை முன்பும் பின்பும் தனியாக உட்கார வைத்துப் பேச அங்கே ஆலோசகர் உண்டு. முடிவை வராந்தாவில் கூவக் கூடாது என்று இதே துறைக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அந்த மரியாதை ஒரு மாடி ஏறி வரத்தான் இத்தனை வருஷம் போதவில்லை. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. 0 முதல் 10 வரை அளவு போட்ட வெப்பமானிப் படத்தைக் கொடுத்து, "இந்த வாரம் உங்கள் மன வேதனை எவ்வளவு?" என்று வட்டமிடச் சொல்லும் முறை உலகம் முழுக்கப் பழக்கத்தில் உள்ளது. 4 அல்லது அதற்கு மேல் என்றால் ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். செலவு, ஒரு ஜெராக்ஸ்.

மனசு சரியில்லையென்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடலாமே என்றும் சொல்கிறார்கள். நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீடு ஒரே அறை. மகன், மருமகள், பேரன் எல்லோரும் இருக்கையில் அம்மா யாரிடம், எந்த மூலையில் நின்று அழுவார்?

காப்பீட்டு அட்டை இருப்பதால் ஆபரேஷனுக்கும் ஊசிக்கும் கடன் வாங்காமல் தப்பித்தோம். அதற்கு நன்றி, மனதாரச் சொல்கிறேன். மார்புக்கும் கர்ப்பப்பைக்கும் பணம் ஒதுக்கத் தெரிந்த அரசு, அவை ஓர் ஆளின் உடம்பில் இருக்கின்றன என்பதை மட்டும் மறந்துவிட்டது. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபரில் மட்டும் நினைவு வந்துவிடும். அதே வராந்தாவில் இளஞ்சிவப்பு பலூன் கட்டி, செல்ஃபி எடுக்க ஒரு ஃபிரேம் நிறுத்தினார்கள். நோயாளிகள் உட்காரும் பெஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு. விழாவுக்கு வந்த ஒருவர் மைக்கில், "ஊழல் என்னும் புற்றுநோயை" ஒழிப்பதைப் பற்றிப் பேசினார். தலையில் முடி கொட்டி, முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். மேடையில் யாரைத் திட்டுவதானாலும் எங்கள் அம்மாவின் நோய்தான் கிடைக்கிறது. சினிமாவில் இருமினால் கைக்குட்டையில் ரத்தம், அடுத்த காட்சியில் மாலை போட்ட படம். அப்புறம் டம்ளரைத் தனியாக வைக்காமல் என்ன செய்வார்கள்?

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கத்திய ஊழியர் மேலும் எனக்குக் கோபமில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டிருந்த மனுஷர். அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

கதவு உள்ள ஓர் அறையும் ஓர் ஆலோசகரும் வேண்டும் என்று மறுபடியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கோப்பு நகர நாளாகும் என்று தெரியும். அம்மாவின் அடுத்த ஊசிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள், நோயின் பெயரை வராந்தாவில் சத்தமாகச் சொல்லக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கையாவது அனுப்ப முடியுமா? அதற்கு நிதித்துறை ஒப்புதல் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
வராந்தாவில் காத்திருக்கும் ஒரு மகள்