சுவரில் காய்ந்த மருந்துக்கு ஒரு நன்றி மடல்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வீட்டுச் சுவர்களுக்கு மலேரியா நுளம்பைக் கொல்லும் மருந்தடிக்க வாசல் திறந்துவிட்ட வீட்டாருக்கும், தண்ணீர் சுமந்த தம்பிமாருக்கும்,

இலங்கையை மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்துவிட்டதே, பிறகெதற்கு மருந்து என்று பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். போனது கிருமி மட்டும். அதைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு இங்கேயே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து கிருமியோடு ஒருவர் வந்தால் போதும், பழைய கதை திரும்பத் தொடங்கும். கேள்வியும் கேட்டு, குசினிச் சாமான்களையும் முற்றத்துக்கு எடுத்து வைத்தீர்கள். முதல் நன்றி அதற்கு.

அடுத்த நன்றி கிணற்றுத் தண்ணீரைச் சீலையில் வடித்துத் தந்தவர்களுக்கு. சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் ஒரு மணல் பருக்கை போதும், மருந்து தெளிக்கும் விசிறியின் முனை அடைத்துக்கொள்ளும். அவசரத்தில் கம்பியால் குத்தினால் துவாரம் பெரிதாகி, அதன்பிறகு அடிக்கும் சுவரெல்லாம் மருந்து வழியும். மென்மையான தூரிகையால்தான் துடைக்க வேண்டும். வாயால் ஊதவே கூடாது. 10 லீற்றர் தண்ணீருக்கு, 10 வீத லாம்டா சைஹலோத்ரின் என்ற பூச்சிகொல்லித் தூள் 62.5 கிராம் பொதி ஒன்று. இது 250 சதுர மீற்றர் சுவருக்குக் காணும். தூளை முதலில் கொஞ்சத் தண்ணீரில் குழைத்துக்கொள்ள வேண்டும். விசிறியின் மருந்துத் தாங்கியை இடைக்கிடை குலுக்காவிட்டால் தூள் அடியில் படிந்து, ஒரு வீட்டுக்குத் தண்ணீரும் அடுத்த வீட்டுக்கு இரட்டிப்பு மருந்தும் போகும்.

கட்டில், அலுமாரிகளைச் சுவரிலிருந்து நகர்த்தித் தந்ததும் பெரிய உதவி. விசிறி முனை சுவரிலிருந்து 45 சென்ரிமீற்றரில் நிற்க வேண்டும். அப்போதுதான் 75 சென்ரிமீற்றர் அகலப் பட்டை விழும். ஒரு பட்டையின் மேல் அடுத்தது 5 சென்ரிமீற்றர் ஏறும். கை 3 மீற்றர் உயரத்தை ஏறக்குறைய 7 விநாடியில் கடக்க வேண்டும். தாங்கியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55 இறாத்தலில் தொடங்கி 25க்கு இறங்கினால் மறுபடி காற்றடிக்க வேண்டும். நடுவில் அலுமாரி நின்றால் இந்தக் கணக்கெல்லாம் குழம்பிவிடும். அதன் பின்னால் மருந்து படாத இருட்டு மூலையில்தான் இரத்தம் குடித்த நுளம்பு போய்க் குந்தும். கடித்த நுளம்பு ஓய்வெடுக்கச் சுவரில் இருக்கும்போது சாக வேண்டும் என்பதுதான் இந்த முறையின் சூட்சுமமே. ஆகவே "மருந்தடித்தும் நுளம்பு உள்ளே வருகிறதே" என்று சலிக்காதீர்கள். வரும். திரும்பிப் போகாது.

சுவர் காயும்வரை, குறைந்தது இரண்டு மணித்தியாலம், பிள்ளைகளோடு மரநிழலில் இருந்தீர்கள். செத்த பூச்சிகளைக் கூட்டிப் புதைத்த பிறகுதான் கோழிகளை உள்ளே விட்டீர்கள். பொறுமைக்கு நன்றி. இன்னுமொரு பொறுமை பாக்கியிருக்கிறது: சில மாதங்களுக்குச் சுவரைக் கழுவவோ சுண்ணாம்பு பூசவோ வேண்டாம். சுண்ணாம்பின் காரம் மருந்தை முறிக்கும். மண்சுவரை மெழுகினால் மருந்து சாணத்துக்குள் மறைந்துபோகும். திருநாள் வருகிறதென்றால் கதவு நிலையை மட்டும் அலங்கரியுங்கள்.

தாங்கி கழுவிய தண்ணீரைக் குளத்தில் ஊற்றவிடாமல் தடுத்த மீன்பிடிக்கும் ஐயாமாருக்குத் தனி நன்றி. இந்த வகை மருந்து மனிதருக்கு அவ்வளவு கொடியதல்ல, மீனுக்குக் கொடியது; வாவியில் கலந்தால் இறாலுக்கும் அதே கதிதான். அந்தத் தண்ணீரை அடுத்த நாள் கலவைக்கே எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

டெங்குவுக்கும் இது உதவுமா என்று கேட்டவர்களுக்கு: பெரிதாக உதவாது. டெங்கு நுளம்பு தொங்கும் உடுப்பிலும் மேசைக்கடியிலும் ஒளிந்திருக்கும், பகலில் கடிக்கும். அதற்குச் சிரட்டையையும் பூச்சாடித் தட்டையும் கவிழ்ப்பதே மருந்து.

இரவல் தந்த வாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் வெறும் தண்ணீர்தான் அள்ளினோம். மருந்து கலந்தது எங்கள் வாளியில். பயமில்லாமல் புழங்கலாம்.

இப்படிக்கு,
மருந்தடிக்கும் குழுவினர்