எங்கள் 1966 எம்ஜிபிக்குக் கை கொடுத்த அனைவருக்கும்

வணக்கம்.

நாம் பிரித்துப் புதுப்பித்த எம்ஜிபி, அந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், சோதனையில் தேறிச் சாலைக்கு வந்துவிட்டது. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். இதே வண்டியைப் பிரித்துப் போட்டிருப்பவர்களுக்கும் உதவும்.

முதல் நன்றி காக்கி புக்கிட் வெல்டர் அண்ணனுக்கு. இந்த வண்டிக்குத் தனியாகச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, இரும்புக் கூரையும் இல்லை. அதனால் கதவுக்குக் கீழே ஓடும் சில்தான் பெரும்பாரத்தைத் தாங்குகிறது. வெளித்தகடு, நடுவில் மடிப்புத் தகடு, உள்தகடு என அது மூன்று அடுக்கு. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே அரித்துப் போயிருக்கும். நம் ஊர் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். அண்ணன் கட்டரைத் தொடுவதற்கு முன்பே கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைத்தார். கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை அளந்து தகட்டிலேயே சாக்பீஸால் எழுதினார். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். அப்படிச் செய்யாமல் வெட்டினால் நடுப்பகுதி தொய்ந்துவிடும். புதுத் தகடு ஏறிய பிறகு கதவு சாத்தவே சாத்தாது. சரிசெய்ய வேண்டுமென்றால் எல்லாவற்றையும் திரும்ப வெட்ட வேண்டியதுதான். ஒரே இழுப்பில் பற்றவைக்காமல் சிறிது சிறிதாக, இடம் மாற்றி மாற்றி வைத்ததால் தகடு நெளியவில்லை. உள்ளே மெழுகு அடித்து, நீர் வடியும் துளைகளையும் திறந்துவிட்டார். பெயிண்ட்டைப் பாராட்டுகிறவர்கள் கண்ணில் இதெல்லாம் படாது.

சிலிண்டர் ஹெட்டைக் கடைந்து கொடுத்த சின் மிங் பட்டறைக்கும் நன்றி. இந்த 1798 சிசி எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. ஈயமில்லாப் பெட்ரோலில் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை (வால்வு வந்து உட்காரும் விளிம்பு) தேயும், வால்வு உள்ளே இறங்கும், வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் உள்ள இடைவெளி குறைந்து கடைசியில் வால்வே கருகும். கடினமான இருக்கைகளைப் பதித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. வால்வு இடைவெளி, ஆறிய எஞ்சினில், 0.015 அங்குலம்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டரை ட்யூன் செய்த பாக்சிக் (மலாய்ப் பெரியவரை அப்படித்தான் அழைப்போம்), ரப்பர் குழாயைக் காதில் வைத்தே இரண்டின் இரைச்சலையும் ஒன்றாக்கினார். மிதித்ததும் வண்டி திணறினால் பலர் உடனே பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட்டைத் திருகப் போவார்கள். கார்புரேட்டரின் மேலுள்ள எண்ணெய்க் கிண்ணமான டாஷ்பாட்டில் எஸ்ஏஇ 20 எண்ணெய் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எண்ணெய் இல்லையென்றால் பிஸ்டன் சட்டென்று மேலேறிவிடும், காற்று கூடிப் பெட்ரோல் குறையும்.

ஒயரிங் பார்த்த தம்பிக்குத் தனி நன்றி. நாம் உட்காரும் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், அதுவும் பாசிட்டிவ் எர்த், அதாவது பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய ரேடியோவை அப்படியே இணைத்தால் புகைதான் வரும். ஒவ்வொரு எர்த் முனையையும் உலோகம் தெரியத் தேய்த்துப் போட்டார். இந்த வண்டியின் லூக்காஸ் நிறுவன மின்சாமான்களைத் திட்டுகிறவர்கள் ஒருமுறை இதைச் செய்து பார்க்கட்டும்.

பழைய வண்டிகளுக்கான சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும். நின்றுகொண்டே இருக்கும் வண்டியில் பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; அதை மாற்றும் நாளுக்கு அதே நண்பர்களைத்தான் மறுபடி கூப்பிடுவோம். மிஞ்சிய இடப்பக்க மடிப்புத் தகடு ஒன்று புதிதாகவே இருக்கிறது. தேவைப்படுபவர் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.

அன்புடன்,
எம்ஜிபி வேலைக் குழுவினர், சிங்கப்பூர்