காலையில் மட்டும் எழாத கணினி

குன்னூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, மறுநாளே சுவர்க் காலண்டரில் நல்ல நேரம் பார்த்துச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பதில் எழுதத் தாமதமானதற்குப் புதிதாக அசெம்பிள் செய்த கணினிதான் காரணம். உன் பையனும் ஒன்று செய்யப்போவதாக நீ எழுதியிருப்பதால் நடந்ததை முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

மகள் இப்போது வீட்டிலிருந்தே கட்டட வரைபட வேலை செய்கிறாள். பழைய மடிக்கணினி முப்பரிமாணப் படங்களைத் திறக்கவே திணறியது. கோயம்புத்தூரில் பொருள்களை வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவளே பூட்டினாள். ரைசன் 5 7600 செயலி. டிடிஆர்5 வகை ராம், அதாவது வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகப் பட்டை, 16 ஜிபி வீதம் இரண்டு கொண்ட பெட்டி ஒன்று. பிறகு எல்லாவற்றையும் பூட்டும் தாய்ப்பலகையான மதர்போர்டில் இடம் காலியாக இருக்கிறதே என்று அதே மாதிரி இன்னொரு பெட்டி. நான்கையும் செருகினாள்.

முதல் முறை ஸ்விட்சைப் போட்டதும் விசிறிகள் சுழன்றன, திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நான் பதறி மின்சாரத்தை நிறுத்திவிட்டேன். அது தவறு. டிடிஆர்5 ராம் முதன்முதலாக இயங்கும்போது செயலியோடு தன் நேரக் கணக்குகளைச் சரிபார்த்துக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். கச்சேரிக்கு முன் மிருதங்கத்தைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பது போல. அந்த நேரத்தில் பொறுமையாக இருக்க வேண்டும். இரண்டாம் முறை அப்படியே விட்டுவிட்டுக் காபி குடித்து வந்தோம், படம் வந்திருந்தது.

உண்மையான தொல்லை மறுநாள் காலையில்தான் தொடங்கியது. ஸ்விட்சைப் போட்டால் விசிறி ஓடும், மதர்போர்டின் ஓரத்தில் ராமுக்கு உரிய சிறிய மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே நிற்கும், அவ்வளவுதான். நான்கைந்து முறை நிறுத்திப் போட்டால் ஒரு முறை எழும். எழுந்துவிட்டால் இரவு வரை ஒரு குறையும் இல்லை. மதியம் வேண்டுமென்றே பத்து முறை நிறுத்திப் போட்டோம், பத்து முறையும் எழுந்தது.

கடைக்காரர் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டியை, மாற்றிப் பார்க்கச் சொன்னார். எனக்கும் மின்சாரத்தின் மேல்தான் சந்தேகம். யுபிஎஸ்ஸை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், செயலிக்குப் போகும் எட்டு முனை ஒயரைக் கழற்றி 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்திச் செருகினேன். பலனில்லை. கடைசியில் கணினியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கோயம்புத்தூருக்கே இறங்கினேன். கடையில் போட்டவுடன் எழுந்தது. அன்று முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தேன், ஒரு முறைகூட அது தவறவில்லை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓட்டியதிலும் ஒரு பிழையும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தால் மறுநாள் காலையில் மறுபடி அதே மஞ்சள் விளக்கு.

வழியில் குலுங்கியதால் எங்கோ தொடர்பு விட்டுப்போகிறது என்று மகள் சொன்னாள். மதர்போர்டைக் கேபினெட்டிலிருந்து கழற்றி அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பவர் ஸ்விட்சுக்கான இரண்டு ஊசிகளை ஸ்குரூடிரைவர் நுனியால் தொட்டு இயக்கிப் பார்த்தோம். காலையில் அங்கேயும் எழவில்லை. அதோடு கேபினெட், திருகு, ஸ்விட்ச் மூன்றும் குற்றமற்றவை என்றாகிவிட்டது.

அன்று இரவு படுத்திருக்கும்போது உன் ஞாபகம் வந்தது. விடுதி அறையில் நாம் சரிசெய்த அந்த வார்டன் ரேடியோ நினைவிருக்கிறதா? காலையில் பேசாது, பத்து நிமிடம் சூடானால் பாடும். "முதலில் குளிரில் நிற்கிறதா, சூட்டில் நிற்கிறதா பார். பிறகு ஒன்றை மட்டும் தொடு" என்று சொல்லிவிட்டு, பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பற்றவைப்பாகத் தட்டிக்கொண்டே போனாய். கோயம்புத்தூர்க் கடைக்கும் தை மாதத்துக் குன்னூர்க் காலைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாளிலிருந்து நோட்டுப் போட்டு எழுதினோம். குளிர்ந்த பிறகே குறை தெரியும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு சோதனைதான் செய்ய முடியும். ஒவ்வொரு ராமாக, செயலியிலிருந்து இரண்டாவது இடத்தில் தனியாகப் போட்டு நான்கு காலை. நான்கும் எழுந்தன. இரண்டாவது, நான்காவது இடங்களில் இரண்டு ராம் மட்டும் போட்டு மூன்று காலை. அதுவும் எழுந்தது. நான்கையும் சேர்த்துப் போட்ட காலையில் மஞ்சள் விளக்கு. எந்த ராமும் கெட்டுப்போகவில்லை. நான்கு பேரும் சேர்ந்து அந்த வேகத்தில் ஓட முடியவில்லை, அவ்வளவுதான்.

ராம் பெட்டியில் வேகம் 6000 என்று அச்சிட்டிருக்கிறது. கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸில் எக்ஸ்போ என்ற அமைப்பை ஆன் செய்தால் அந்த வேகம் கிடைக்கிறது. ஆனால் செயலியின் அதிகாரபூர்வ விவரத்தைத் தேடிப் படித்தபோது, இரண்டு ராம் என்றால் 5200, நான்கு என்றால் 3600 என்றே இருந்தது. நாங்கள் நான்கையும் 6000-த்தில் ஓட்டிக்கொண்டிருந்தோம். மேலும், முன்பு சேர்த்த சுருதியை நினைவில் வைத்து அடுத்த முறை அப்படியே பயன்படுத்தும் ஓர் அமைப்பும் பயாஸில் ஆன் ஆகியிருந்தது. மாலை வெதுவெதுப்பில் இழுத்துக் கட்டிய மிருதங்கம் விடியற்காலைப் பனியில் அதே நாதம் கொடுக்குமா?

நான்கையும் வைத்துக்கொண்டு 3600-க்கு இறக்கிப் பார்த்தோம். இரண்டு காலை தவறாமல் எழுந்தது. எதை வைத்துக்கொள்வது என்பதை மகளிடமே விட்டேன். அவள் தன்னிடம் உள்ள மிகப் பெரிய வரைபடத்தைத் திறந்துவைத்து எவ்வளவு நினைவகம் செலவாகிறது என்று பார்த்தாள். 22 ஜிபி. "32 போதும் அப்பா, வேகம்தான் எனக்கு வேண்டும்" என்றாள். இரண்டை எடுத்துவிட்டோம். பென்டிரைவில் புதிய பயாஸையும் ஏற்றினாள். மின்சாரம் போய்விடக் கூடாதே என்று யுபிஎஸ் பக்கத்திலேயே நான் நின்றிருந்தேன். இன்றோடு ஒன்பது காலையாக ஒரே அழுத்தில் எழுகிறது.

உன் பையனிடம் சொல். 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி வீதம் இரண்டு கொண்ட ஒரே பெட்டியாக வாங்கட்டும். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். 32 போதுமென்றால் வாங்கவே வேண்டாம். எங்களுடைய மீதி இரண்டும் மேசை இழுப்பறையில் பெட்டியோடு பத்திரமாக இருக்கின்றன. அவன் வாங்கப்போகும் மதர்போர்டு டிடிஆர்5 எடுக்குமா என்று மட்டும் கேட்டு எழுது. பஸ்ஸில் கொடுத்துவிட எனக்கு மனமில்லை. சித்திரையில் மதுரைக்கு வரும்போது நானே கொண்டுவந்து செருகித் தருகிறேன், அம்மாவையும் பார்த்ததாக இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்